ஜிம்மியும் இருநூறு ஃபோட்டோக்களும்

நாய் வளர்க்கிற வீட்டில் யாருடைய போனைத் திறந்தாலும் பாதி இடத்தை நாய்தான் அடைத்துக்கொண்டிருக்கும். தூங்குகிற நாய், சாப்பிடுகிற நாய், செருப்பைக் கடிக்கிற நாய், மறுபடியும் தூங்குகிற நாய்... ஆனால் அந்த நாயை முன்பின் பார்த்திராத ஒருவரிடம் அதில் ஒரே ஒரு படத்தை நீட்டி, "இதுதான் எங்க நாய், எங்கே பார்த்தாலும் சொல்லுங்க" என்று கேட்க முடியுமா?

மதுரையில் ஒரு கல்லூரி மாணவனுக்கு இந்தக் கேள்வி தீபாவளிக்கு மறுநாள் காலையில் வந்தது. முந்தின ராத்திரி தெருவில் யாரோ ஆயிரம் வாலாவைக் கொளுத்த, வாசலில் கட்டியிருந்த ஜிம்மி கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிவிட்டது. ஜிம்மி ஒன்றும் ராஜபாளையமோ சிப்பிப்பாறையோ கிடையாது. மழைக்கு ஒதுங்க வந்து அப்படியே ஒட்டிக்கொண்ட சாதாரண கறுப்பு நாட்டு நாய். அந்த ஏரியாவில் அதே மாதிரி கறுப்பு நாய் பத்தாவது இருக்கும்.

நோட்டீஸ் அடிக்கலாம் என்று போனைப் புரட்டினான். இருநூறு ஃபோட்டோவுக்கு மேல் இருந்தது. ஒன்றும் தேறவில்லை! பாதிப் படங்கள் நின்றபடி மேலேயிருந்து எடுத்தவை. பெரிய மண்டை, அதற்குக் கீழே குச்சிக் கால்கள். வெயிலில் எடுத்ததில் தெரு பளிச்சென்று இருக்க, நாய் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு கறுப்பு மொத்தை. ராத்திரி எடுத்ததில் இருட்டுக்குள் இரண்டு பச்சை விளக்கு. மிச்சமெல்லாம் வால். செல்ஃபிகளில் மட்டும் முகம் தெளிவாக இருந்தது. அவன் முகம். தொலைந்தது அவன் இல்லையே!

கடைசியில் கைகொடுத்தது, ஒன்றாம் வகுப்புப் படிக்கும் அவன் தங்கை அம்மாவின் போனில் விளையாட்டாக எடுத்த படம். வாசல்படியில் உட்கார்ந்து, எதிரில் இருந்த ஜிம்மியை நேருக்கு நேராக எடுத்திருக்கிறாள். கண், காது, நெஞ்சில் இருக்கிற வெள்ளைக் கோடு, சாக்ஸ் போட்ட மாதிரி வெளுத்த இடது முன்னங்கால் என்று எல்லாமே அதில் இருந்தது. அந்தப் படம்தான் ஜெராக்ஸ் கடைக்குப் போனது, வாட்ஸப் குரூப்புகளுக்கும் போனது. மூன்றாம் நாள், இரண்டு கிலோமீட்டர் தள்ளி ஒரு டீக்கடைக்காரரிடமிருந்து போன். "தம்பி, அந்த வெள்ளைக் கால் நாய் நம்ம கடைக்குப் பின்னாடிதான் படுத்திருக்கு. பன்னு போட்டாலும் தொடமாட்டேங்குது."

ஜிம்மி வீடு வந்து சேர்ந்தது. ஆனால் ஒரு விஷயம் அவனை உறுத்திக்கொண்டே இருந்தது. இருநூறு தடவை முயன்றும் அவனுக்கு வராத படம், ஏபிசிடி எழுதிப் பழகுகிற பிள்ளைக்கு எப்படி வந்தது?

பதில் ரொம்பச் சின்னது. அவள் உயரம். அவளுக்கு நாயைக் குனிந்து பார்க்க வேண்டிய தேவையே இல்லை.

எலியட் எர்விட் என்ற புகைப்படக்காரர் 1974-ல் நியூயார்க்கில் எடுத்த ஒரு படம் ரொம்பப் பிரபலம். தொப்பி போட்ட ஒரு குட்டி சிவாவா நாய், பக்கத்தில் பூட்ஸ் போட்ட ஒரு பெண்ணின் கால்கள், அதற்கும் பக்கத்தில் இன்னும் இரண்டு நீளமான கால்கள். அது வேறொரு ஆளின் கால் என்று நினைக்கத் தோன்றும். உற்றுப் பார்த்தால்தான் அது கிரேட் டேன் நாயின் முன்னங்கால் என்று தெரியும். கேமரா அந்தக் குட்டி நாயின் உயரத்துக்கு இறங்கியதால் வந்த வேடிக்கை இது. நின்றபடி எடுத்திருந்தால் அங்கே படமே இல்லை.

ஆக, முதல் பாடம் முட்டி போடுவது. பள்ளிக்கூடத்தில் தண்டனையாகப் போட்ட முட்டியை இப்போது இஷ்டப்பட்டுப் போட ஆரம்பித்தான்.

அடுத்தது வெளிச்சம். கேமரா எதைப் பார்த்தாலும் சராசரிச் சாம்பல் நிறமாகக் காட்டத்தான் கணக்குப் போடும். பின்னால் வெயிலடிக்கும் தெரு இருந்தால் அந்தத் தெருவுக்குக் கணக்குப் போட்டு, கறுப்பு நாயை மொத்தையாக்கிவிடும். ஃப்ரேம் முழுக்கக் கறுப்பு நாயே இருந்தால் அதை வெளுத்துப்போன சாம்பலாக்கிவிடும். வெள்ளை ராஜபாளையத்தை நெருக்கமாக எடுத்தால் அழுக்கு வேட்டி நிறத்தில் வருவதும் இதனால்தான். போனில் நாயின் முகத்தைத் தொட்டுவிட்டு, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்தது. அதைவிட சுலபம், உச்சி வெயிலை விட்டுவிட்டுத் திண்ணை நிழலில், வெளிச்சத்தைப் பார்த்தபடி நாயை உட்காரவைப்பது. கறுப்பு முகத்தில் கண் எது, மூக்கு எது என்று அப்போதுதான் பிரிந்து தெரியும். கண்ணுக்குள் ஒரு வெளிச்சப் பொட்டு விழுந்தால் படத்துக்கே உயிர் வந்துவிடும்.

ஃப்ளாஷ் வேண்டவே வேண்டாம். நாயின் விழித்திரைக்குப் பின்னால் கண்ணாடி மாதிரி ஒரு படலம் இருக்கிறது. இருட்டில் பார்ப்பதற்காக இயற்கை கொடுத்தது. ஃப்ளாஷ் அதில் பட்டுத் திரும்புவதுதான் அந்தப் பச்சை விளக்கு. ஓடுகிற நாயை எடுக்க நல்ல பகல் வெளிச்சம் வேண்டும். ஷட்டர் வேகம் வினாடியில் 500-ல் ஒரு பங்காவது இருக்கவேண்டும்.

இதையெல்லாம் ஒரு வாரத்தில் கற்றுக்கொண்டான். கற்றுக்கொள்ள நாளானது வேறொன்று. அசையாமல் உற்றுப் பார்க்கிற பெரிய கண் நாய்க்கு மிரட்டல் மாதிரி. லென்ஸும் அப்படித்தான். நாய் முகத்தைத் திருப்பிக்கொள்ளும், உதட்டை நக்கும், தூக்கம் வராமலேயே கொட்டாவி விடும். "போதும், விடு" என்று அது சொல்கிறது. தீபாவளிக்குப் பிறகு ஜிம்மி கிளிக் சத்தத்துக்கே கட்டிலுக்கு அடியில் போனது. போனை ஊமையாக்கிவிட்டு, எதுவும் எடுக்காமல் பக்கத்தில் உட்கார்ந்தே பல சாயங்காலங்கள் போயின. ஒருநாள் அதுவாக வெளியே வந்து, அவன் எதிரில் படுத்து, நிமிர்ந்து பார்த்தது. ஒரே ஒரு படம் எடுத்தான். தங்கை எடுத்ததைவிட நல்ல படம் என்று சொல்ல முடியாது. ஆனால் அதில் ஜிம்மி இருந்தது.

இப்போது மூன்று படங்கள் அவன் போனில் தனியாக இருக்கின்றன. நேர்முகம் ஒன்று, நின்றபடி இரண்டு பக்கமும் ஒவ்வொன்று. லைக் வாங்குகிற படங்கள் இல்லை. தேடும்போது உதவுகிற படங்கள். ஜீன்ஸ் முட்டியில் ஏறிய செம்மண் போகவில்லை என்று அம்மா திட்டுவது மட்டும் நிற்கவில்லை.

உங்கள் போனில் இருக்கிற நாய்க்கு முகம் இருக்கிறதா? இன்றைக்கே ஒரு தடவை பார்த்துவிடுங்கள். அடுத்த தீபாவளி வரைக்கும் தள்ளிப் போடாதீர்கள்.