ஒட்டில்லாத கல்: தாரமங்கலம் கைலாசநாதர் கோயில் தூண்களின் வேலைப்பாடு

கொல்கத்தாவின் புனித யோவான் தேவாலய வளாகத்தில் உள்ள ஜாப் சார்னாக்கின் கல்லறை மண்டபம், அந்நகரில் எஞ்சியிருக்கும் மிகப் பழைய ஆங்கிலேயர் காலக் கட்டடங்களுள் ஒன்று. அதில் பதிக்கப்பட்ட கல்வெட்டுக் கல் அவ்வூர்க் கல் அன்று. சென்னையை அடுத்த பரங்கிமலை, பல்லாவரம் பகுதியில் வெட்டிக் கப்பலில் கொண்டுபோன கல். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த தாமஸ் ஹாலண்ட் அதனை ஆராய்ந்து, 1893இல் அந்தப் பாறை வகைக்குச் சார்னாக்கின் பெயரையே வைத்து ‘சார்னோகைட்’ என்று வழங்கினார். அதே வகைப் பாறைதான் சேர்வராயன் மலையாகவும் கொல்லிமலையாகவும் எழுந்து, சேலம், நாமக்கல் சமவெளியைச் சூழ்ந்து நிற்கிறது. இறந்தோருக்கான மண்டபம் என்றால் வெண்பளிங்கு என்றே தாஜ்மகாலைக் கொண்டு எண்ணிப் பழகிய கண்ணுக்கு, இக்கருங்கல் நாட்டின் தச்சு வேறொரு கணக்கில் அமைந்தது என்பது ஓமலூருக்குத் தென்மேற்கே உள்ள தாரமங்கலம் கைலாசநாதர் கோயிலில் புலப்படும்.

வேறுபாடு கல்லிலேயே தொடங்குகிறது. பளிங்கு என்பது சுண்ணாம்புப் பாறை நிலத்தடி வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறிய கல். பெரும்பாலும் கால்சைட் என்னும் ஒரே கனிமத்தால் ஆனது. எந்தக் கனிமம் எதைக் கீறும் என்று பார்த்து 1 முதல் 10 வரை தரம் பிரிக்கும் மோஸ் அளவுகோலில் கால்சைட்டின் எண் 3. கருங்கல்லில் உள்ள ஃபெல்ஸ்பாருக்கு 6, குவார்ட்சுக்கு 7. இரும்பு உளி பளிங்கைச் சீராகச் சீவிச் செல்லும். கருங்கல்லிலோ அடுத்தடுத்து நிற்கும் மணிகள் ஒவ்வொன்றும் வெவ்வேறு உறுதி உடையவை ஆதலால், உளி அங்கே சீவுவதில்லை, நொறுக்கி எடுக்கிறது. ஆக்ராவில் 1632இல் தொடங்கிய பணியில் கல்தச்சர்கள் செங்கல்லால் கட்டிய உடலின்மேல் இராஜஸ்தானத்து மக்ரானாப் பளிங்குப் பலகைகளைப் போர்த்தினர். அப்பலகைகளில் பள்ளம் தோண்டி, பூவிதழின் வடிவுக்கு அறுத்த மணிக்கற்களை மயிரிழை இடைவெளியும் இல்லாமல் பதித்தனர். பர்சின்காரி எனப்படும் அப்பதிப்பு வேலை முழுவதும் பொருத்தும் திறன், ஒட்டும் திறன். தாரமங்கலத்துத் தச்சர் காட்ட விரும்பியது நேர்மாறானது: பலவற்றைச் சேர்த்ததுபோல் தோன்றும் உருவம் ஒன்றில், உண்மையில் எதுவுமே சேர்க்கப்படவில்லை என்பது.

பளிங்கு இவ்வட்டாரத்தில் இல்லாமல் இல்லை. சங்ககிரிப் பகுதியில் கிடைக்கும் படிகச் சுண்ணாம்புப் பாறை, புவியியல் வரையறைப்படி பளிங்கே ஆகும். ஆனால் அது சிற்பியின் பட்டறைக்குப் போகாமல் சிமெண்ட் ஆலையின் சூளைக்குப் போகிறது. சேலத்துக்கு வடக்கே ஏற்காட்டு அடிவாரத்தில் வெண்மையாகப் படர்ந்து தெரியும் வெள்ளைக்கல்லைப் பளிங்கு என்று வெளியூரார் மயங்குவதுண்டு. அது மாக்னசைட், உலைகளின் உட்சுவருக்கான தீச்செங்கல் செய்ய உதவுவது. நகத்தாலேயே கீறிவிடக்கூடிய மாக்கல்லும் சேலத்துக்குப் பெயர் தந்த சரக்குதான். வற்றல் குழம்புக்கு இன்றும் பல வீடுகளில் தேடப்படும் கல்சட்டி அதில் கடைந்தது. கைக்கெட்டும் தொலைவில் இத்தனை மென்கற்கள் இருக்க, உளிக்கு மிகக் கடினமான கல்லையே கோயிலுக்குத் தேர்ந்தது காலத்தையும் மழையையும் எண்ணித்தான். பளிங்கு புளிப்புக்கு அரிபடும், கருங்கல் அசையாது.

தாரமங்கலத்தை ஆண்ட கெட்டி முதலிகள், மதுரை நாயக்கர்களுக்கு உட்பட்டுக் கொங்கின் வடகிழக்கு எல்லையைக் காத்த பாளையத் தலைவர்கள். மும்முடிக் கெட்டி முதலி தொடங்க, அவர் மரபினர் தொடர, வணங்காமுடிக் கெட்டி முதலி காலத்தில் கோயில் இன்றைய நிறைவை எய்தியதாக வரலாறு வழங்குகிறது. காலம் 17ஆம் நூற்றாண்டு. மைசூர் அரசின் படைகள் வடக்கிலிருந்து நெருக்கிக்கொண்டிருந்த, அந்நூற்றாண்டின் பிற்பாதியில் கெட்டி முதலிகளின் ஆட்சியே கலைந்துபோன அந்தக் காலத்தில், இவ்வளவு பொறுமை வேண்டும் வேலைக்கு ஆளும் பொருளும் ஒதுக்கப்பட்டன என்பது வியப்புக்குரியது. கோட்டைச் சுவரைவிட மண்டபத் தூணில்தான் அத்தலைவர்களின் பெயர் நின்றது. கோயில் மேற்கு நோக்கியது. ஐந்து நிலைக் கோபுரத்தைக் கடந்து மகாமண்டபத்துக்குள் நுழைந்ததும், பின்னங்கால்களில் எழுந்து நிற்கும் யாளிகளும் குதிரை வீரர்களும் தூணோடு தூணாக இருபுறமும் நிற்கின்றன.

அவற்றுள் ஒரு யாளியின் வாய் தனிக் கவனத்துக்குரியது. யாளி என்பது சிங்க உடலும் யானைத் துதிக்கையும் கலந்த கற்பனை விலங்கு. நாயக்கர் காலத் தூண்களில் தவறாமல் இடம்பெறுவது. இங்கே அதன் பல்வரிசைக்கு உள்ளே ஓர் உருண்டைக் கல் கிடக்கிறது. விரலை விட்டுத் தள்ளினால் உருளும், எவ்வளவு முயன்றாலும் வெளியே வராது, ஏனெனில் பற்களுக்கிடையே உள்ள வழியைவிட உருண்டை பெரியது. வெளியிலிருந்து உள்ளே போட்டதும் அன்று. தூணாக நிறுத்த வேண்டிய கல்லின் தலைப்பகுதியிலேயே வாயைக் குறித்து, பல்லிடுக்குகளின் வழியே சிற்றுளியை விட்டு, நடுவில் ஒரு பந்தளவு கல்லை விட்டுவிட்டுச் சுற்றிலும் உள்ளதைத் துகள் துகளாக வாங்கியிருக்கிறார்கள். உருண்டை உருப்பெறும் வரை அதைத் தாங்கி நிற்க ஓரிரு இடங்களில் கல்லை அறுக்காமல் விட்டுவைப்பது இத்தகைய வேலையின் முறை. கடைசியில் அந்தப் பிடிப்பையும் தட்டி விடுவிக்கும்போதுதான் உருண்டை தனியாகிறது. அந்தக் கடைசித் தட்டில் பல் ஒன்று தெறித்தால், வீணாவது உருண்டை அன்று. அதுவரை செதுக்கி முடித்த யாளியும் குதிரையும் வீரனும் அடங்கிய முழுத் தூண். பளிங்குப் பதிப்பில் ஓர் இதழ் உடைந்தால் வேறோர் இதழ் அறுத்துக்கொள்ளலாம். இங்கே அந்த வசதி இல்லை.

இக்கோயிலின் கற்சங்கிலியும் அதே கணக்கில் அமைந்தது. வளையங்களைத் தனித்தனியே செய்து கோத்தால், ஒவ்வொரு வளையத்தையும் எங்கேனும் வெட்டி ஒட்டியாக வேண்டும். கல்லில் ஒட்டு மறையாது. ஆதலால் நீண்ட கல்லின் குறுக்கு வெட்டு கூட்டல் குறி போல் வரும்படி முதலில் சீர்செய்து, ஒன்றுக்கொன்று செங்குத்தாக நிற்கும் வளையங்களை அதில் ஒன்று விட்டு ஒன்றாகக் குறித்து, உள்வெளியைத் திறந்த பிறகே அவற்றைப் பிரிப்பார்கள். மண்டபத்தின் மேற்கூரையில் விரிந்த தாமரையைச் சுற்றித் தலைகீழாகத் தொங்கி இதழைக் கொத்தும் கிளிகளும் இவ்வாறு கூரைக் கல்லிலிருந்து பிரியாமல் பிரிந்தவை. நாள்தோறும் வருவோர் சங்கிலியையும் உருண்டையையும் பார்த்துவிட்டுக் கிளிகளைப் பாராமல் போய்விடுகிறார்கள். கழுத்து வலிக்கும் என்பதைத் தவிர அதற்கு நியாயமான காரணம் இல்லை.

கல்லைக் கழிக்கும் இக்கணக்கு ஒரு தூணோடு நிற்கவில்லை, தூண்களுக்கு இடையிலுள்ள வெளிக்கும் பரவியிருக்கிறது. ஒரு தூணில் வில்லேந்திய இராமனும், மற்றொன்றில் சுக்கிரீவனோடு பொரும் வாலியும் உள்ளனர். இராமன் நிற்குமிடத்திலிருந்து நோக்கினால் வாலி தெரிகிறான். வாலி நிற்குமிடத்திலிருந்து நோக்கினால் இராமன் தெரிவதில்லை. மறைந்து நின்று அம்பெய்தான் என்ற கதைப்பகுதியை, இடையே நிற்கும் தூண்களையே மறைப்பாக்கிச் சொல்லியிருக்கிறார்கள். இரதியும் மன்மதனும் அமைந்த தூண்களிலும் ஒருவர் மற்றவரைக் காண, மற்றவர் காணாத இதே உத்தி வழிகாட்டிகளால் சுட்டப்படுகிறது. இதற்குத் தெய்வ அற்புதம் எதுவும் தேவைப்படவில்லை. மண்டபத்தின் தரைப்படம், தூண்களின் இடைவெளி, சிற்பத்தின் உயரம் மூன்றையும் உளி எடுப்பதற்கு முன்னரே நூல் பிடித்து முடிவு செய்த ஒரு ஸ்தபதி, அதாவது கோயிற்பணி முழுவதற்கும் வரைவு தந்து மேற்பார்க்கும் தலைமைச் சிற்பி, இருந்தால் போதும். அவ்வாறு ஒருவர் இருந்திருக்கிறார் என்பதே பெரிய செய்தி.

இவ்வேலைக்கு முதற்படி கல்லைத் தட்டிக் கேட்பது. வெண்கல மணிபோல் ஒலிப்பதை ஆண் கல் என்றும், தாழ்ந்து இனிமையாக ஒலிப்பதைப் பெண் கல் என்றும், ஒலியற்றதை அலிக் கல் என்றும் சிற்ப மரபு பிரிக்கும்; முதலது தேவனின் உருவுக்கும், இரண்டாவது தேவியின் உருவுக்கும், மூன்றாவது தரைக்கும் கட்டடத்துக்கும் ஆகும். இப்பாகுபாட்டின் சமயப் பொருளை ஏற்காதவரும் அதன் பயனை மறுக்க இயலாது: உள்ளே மயிரிழை போல் ஓடும் விரிசல் உள்ள கல் தெளிவாக ஒலிக்காது, யாளி வாயில் உருண்டை செதுக்க நினைப்பவருக்கு அத்தகைய விரிசலைக் கண் காட்டிக் கொடுக்காது, காதுதான் காட்டும்.

இன்று சேலம், நாமக்கல் வட்டாரத்துக் கற்பட்டறைகளில் தூண் ஒரு பக்கம் கிடக்க, அம்மியும் ஆட்டுக்கல்லும் எல்லைக்கல்லும் மறுபக்கம் குவிந்திருப்பது வழக்கம். சாமி சிலை வேலை எப்போதும் இருப்பதில்லை. இரும்பு உளி மட்டும் இருந்த காலத்தில், முனை மழுங்கிய உளிகளை உலையில் காய்ச்சி அடித்து, தண்ணீரில் தோய்த்துத் திரும்ப வாங்குவதற்கென்றே ஓர் ஆள் பட்டறையில் இருப்பார்; தோய்ச்சல் மிகுந்தால் முனை உடையும், குறைந்தால் மடங்கும். டங்ஸ்டன் கார்பைடு முனை வந்தபின் அந்த ஆளின் வேலை பெரும்பாலும் போயிற்று. கையில் பிடித்து ஓட்டும் வைரச் சக்கர அறுப்பு மெஷின், முன்பு மிகுந்த நேரம் எடுத்த பள்ளத்தைச் சிறு பொழுதில் வாங்கிவிடுகிறது. ஆயினும் பல்லிடுக்கு, வளையத்தின் உட்புறம், விரல் நுனி ஆகியவற்றில் சக்கரம் நுழையாது. அங்கே இன்றும் சிற்றுளிதான்.

மெஷினுக்கு விலை உண்டு. சுத்தியும் உளியும் கல்லைச் சில்லுகளாகத் தெறிக்கச் செய்ய, சக்கரம் அதை மாவாக்குகிறது. கருங்கல் மாவில் குவார்ட்ஸ் மிகுதி ஆதலால், நுரையீரலில் தங்கி அதைத் தழும்பாக்கும் சிலிக்கோசிஸ் என்னும் தீராத நோய்க்கு அது வித்து. கால்சைட்டால் ஆன பளிங்குத் தூளில் இக்கேடு அந்த அளவில் இல்லை. தண்ணீர் ஊற்றி அறுத்தால் தூசி பெருமளவு அடங்கும். ஆனால் நீர் பட்ட கல்லில் குறிக்கோடு அழிந்துவிடும் என்பதால் நுண்வேலையில் பலரும் உலர்ந்த கல்லையே அறுக்கிறார்கள், முகத்தில் சுற்றிய துண்டோடு. துண்டு பெருந்துகளைத் தடுக்கும். நோய் தரும் நுண்துகள் அதன் இழைகளின் ஊடே எளிதாகப் போய்விடும்.

முற்காலத்தில் கோயிற்பணிக்கு ஒப்பந்தம் எழுதிய சிற்பிகள், தாரமங்கலத்துத் தூண், தாடிக்கொம்புச் சிற்பம், ஆவுடையார்கோயில் கொடுங்கை போன்ற சில வேலைகள் நீங்கலாக மற்ற எதையும் செய்து தருவதாக வாக்களிப்பார்கள் என்ற செய்தி தமிழ்நாட்டுச் சிற்பியரிடையே வழங்கிவருகிறது. கொடுங்கை என்பது கூரையின் வளைந்த வெளிவிளிம்பு. இதைப் பணிவு என்று கொள்வதைவிட நல்ல வணிக அறிவு என்று கொள்வதே பொருந்தும்: கல்லின் விலைக்குக் கன அடிக் கணக்கு உண்டு, தச்சு நாளுக்குக் கூலி உண்டு, கடைசித் தட்டில் உடையும் தூணுக்கு எந்தக் கணக்கிலும் இடம் இல்லை. அந்த இழப்பை ஏற்கக் கெட்டி முதலிகளைப் போல ஒருவர் முன்வந்தால் ஒழிய, இன்றைய ஏலப்பட்டியலிலும் அப்படியொரு வரி சேரப் போவதில்லை.