200 மணி நேரம் போதுமா?

எங்கள் அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் போனால் கம்பெனி வாசல்களில் போர்டு தொங்கும்: 'டர்னர் தேவை, ஃபிட்டர் தேவை. முன் அனுபவம் அவசியம்.' வேலையே கிடைக்காத பையன் அனுபவத்துக்கு எங்கே போவான் என்று நான் நினைப்பதுண்டு. ஆகாயத்தில் பறக்கிற உத்தியோகத்துக்கும் இதே போர்டுதான் என்பது, என் நாத்தனார் பெண் விமானி ஆகவேண்டும் என்று கிளம்பியபோதுதான் தெரிந்தது.

நாத்தனார் குடும்பம் திருமுல்லைவாயலில். அண்ணன் ஆவடியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சொத்து என்று இருப்பது ஒரே ஒரு வீடு. ஏஜெண்ட் ஒருவர் வந்து, "பதினெட்டே மாசம் சார்! 200 மணி நேரம் பறந்துட்டா ஏர்லைன்ஸ்ல வேலை கியாரண்டி" என்று சொல்லி, வீட்டுப் பத்திரத்தை பாங்கில் வைக்க யோசனையும் கொடுத்துவிட்டுப் போனார்.

அண்ணி என்னிடம், "நீ கொஞ்சம் விசாரிச்சுச் சொல்லேன். அப்பாவும் பொண்ணும் இப்பவே மேலே பறக்கறாங்க" என்றார்.

விசாரித்ததை மளிகைக் கணக்கு நோட்டில் எழுதிக்கொண்டேன். 200 மணி என்பது பொய்யில்லை. ஆனால் அது லைசென்ஸுக்கான கணக்கு. அதில் 100 மணி, தானே விமானத்தின் பொறுப்பை ஏற்று ஓட்டியதாக இருக்கவேண்டும். ஒரே பயணமாக 300 கடல் மைல், அதாவது சுமார் 555 கிலோமீட்டர், வழியில் இரண்டு ஊர்களில் இறங்கி ஏறிப் பறக்கவேண்டும். இரவில் 5 மணி நேரம். வெளியே பார்க்காமல் கருவிகளை மட்டும் நம்பி ஓட்டியது 10 மணி நேரம். இவற்றோடு வானிலை, வழிகாணல், விமான விதிகள் என்று பரீட்சைகள் வேறு.

லைசென்ஸ் கைக்கு வந்தபிறகுதான் அந்தப் போர்டு எதிரே வருகிறது! பயிற்சியில் ஓட்டுவது சின்ன விமானம். கம்பெனியில் இருப்பது ஏர்பஸ், போயிங். அந்தந்த ரகத்துக்குத் தனிப் பயிற்சி வேண்டும். 'டைப் ரேட்டிங்' என்கிறார்கள். அதற்கும் பல லட்சம். கேப்டனாக உட்காரத் தேவையான பெரிய லைசென்ஸுக்கோ 1500 மணி. அந்த மணிகளைப் பெரும்பாலும் துணை விமானி வேலையில்தான் சேர்க்க முடியும். அதுவரை சிலர் பறக்கும் பள்ளியிலேயே ஆசிரியராகி மணி சேர்க்கிறார்களாம்.

போட்டியும் சாதாரணமில்லை. 2012-ல் கிங்ஃபிஷர், 2019-ல் ஜெட் ஏர்வேஸ், 2023-ல் கோ ஃபர்ஸ்ட் என்று கம்பெனிகள் நின்றுபோனபோது, ஆயிரக்கணக்கான மணி பறந்தவர்களே வேலை தேடினார்கள். அவர்கள் வரிசையில் 200 மணிக்காரி எங்கே நிற்பாள்? இந்த அவசரத்தில் குறுக்கு வழி போனவர்களும் உண்டு. 2011-ல் ராஜஸ்தானில், பறக்காத மணிகளைப் பறந்ததாக லாக் புக்கில் எழுதிக்கொண்டவர்கள் பிடிபட்டார்கள். நூறு பேர் உயிரைச் சுமக்கிற வேலையில் பொய்க் கணக்கு எழுதலாமா?

எல்லாம் கேட்ட அண்ணன், "அப்ப வேண்டாம்னு சொல்லிடலாமா?" என்றார். அண்ணியும், "பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்கு இந்த வேலை?" என்று ஆரம்பித்தார்.

"அப்படிச் சொல்லாதீங்க அண்ணி. உஷா சுந்தரம்னு ஒருத்தங்க 1949-லயே பெங்களூர்ல பயிற்சி முடிச்சாங்க. கணவரோட சேர்ந்து இங்கிலாந்துலேருந்து இந்தியாவுக்கு 27 மணி நேரத்துல விமானம் ஓட்டிக்கிட்டு வந்தாங்க. பொண்ணால முடியுமாங்கறது கேள்வியில்ல. பணத்தை எந்த வரிசையில செலவு பண்றோம்கிறதுதான் கேள்வி" என்றேன்.

வரிசையை மாற்றினோம். முதலில் மருத்துவப் பரிசோதனை. கண், காது, இருதயம் எல்லாம் பார்க்கிறார்கள். நிறம் பிரித்தறியும் பார்வையில் கோளாறு இருந்தால் அங்கேயே கனவு முடிந்துவிடும். சில ஆயிரத்தில் தெரிந்துகொள்ள வேண்டியதை, பல லட்சம் கட்டியபிறகு தெரிந்துகொண்டு என்ன பயன்? அடுத்து, வீட்டிலிருந்தே படித்துப் பரீட்சைகள். அதன்பின்தான் பறக்கும் பள்ளி. அதுவும் எத்தனை விமானம் உண்மையில் பறக்கிறது, சென்ற வருஷப் பிள்ளைகள் எத்தனை மாதத்தில் முடித்தார்கள் என்று அங்கே படிக்கிறவர்களிடமே கேட்டு, பணத்தைத் தவணையாகக் கட்டினோம். 'வேலை கியாரண்டி' என்றவரிடம் எழுத்தில் கேட்டோம். அப்புறம் அவர் வரவேயில்லை.

கடைசியில் படிப்புக் கடனுக்கு ஈடாகப் பத்திரம் போகத்தான் போனது. ஆனால் அண்ணனின் ஓய்வுப் பணத்தில் டைப் ரேட்டிங்குக்கென்று ஒரு பங்கைத் தொடாமல் வைத்திருக்கிறோம்.

இப்போது அவள் லாக் புக்கில் 130 மணி சொச்சம். மழை, பனி என்றால் வாரக்கணக்கில் பறக்க முடிவதில்லை. ஞாயிற்றுக்கிழமை போன் வந்தால் அண்ணி, "சாப்பிட்டியா?" என்று கேட்பதற்கு முன்னால், "எத்தனை மணி ஆச்சு?" என்றுதான் கேட்கிறார்.