சாம்பாரில் என்ன இருந்துவிடப் போகிறது?

கப்பலின் 14-வது தளம். காலை ஏழரை மணி. கண்ணாடிக்கு வெளியே மலாக்கா நீரிணை அலையே இல்லாமல் கிடந்தது. உள்ளே பஃபே கூடத்தில் சந்தைக் கூட்டம். ரொட்டி, கேக், பான்கேக், நூடுல்ஸ் என்று ஒவ்வொரு மேஜையாகத் தாண்டி வந்த டீச்சரம்மா, ‘இந்தியன்’ என்று எழுதியிருந்த பலகைக்கு முன்னால் நின்றார். ஆவி பறக்கும் இட்லி. பக்கத்தில் மெதுவடை. பெரிய பாத்திரத்தில் சாம்பார்.

முந்தின நாள் சிங்கப்பூரில் கப்பல் ஏறியதிலிருந்து அவர் மூக்கு தேடிக்கொண்டிருந்தது இந்த வாசனையைத்தான். ‘அப்பாடா, நம்ம சாப்பாடு’ என்று இரண்டு இட்லி, ஒரு வடை, இரண்டு கரண்டி சாம்பார் எடுத்துக்கொண்டு ஜன்னலோரமாக உட்கார்ந்தார்.

அந்த ஒரு தட்டால்தான் பினாங்கு ஊரை அவர் பார்க்க முடியாமல் போனது.

“நாங்க சோறு சாப்பிடுறவங்க டாக்டர்!”

திருச்சியில் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவர். வயது 62. தெருவில் எல்லோருக்கும் அவர் டீச்சரம்மா. பல வருடங்களாக ரத்தசோகை. இரும்புச்சத்து மாத்திரை எத்தனை சாப்பிட்டும் ஹீமோகுளோபின் ஏறவில்லை. அடிக்கடி வயிறு உப்பும். ‘கேஸ்’ என்று சொல்லி ஓமத் தண்ணீரும் சீரகத் தண்ணீரும் குடித்தே காலத்தை ஓட்டினார். கடைசியில் குடல் நோய் மருத்துவர் ஒருவர் ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார். பிறகு எண்டோஸ்கோப்பி. சிறுகுடலில் துளி சதை எடுத்துச் சோதித்ததில் நோய்க்குப் பெயர் தெரிந்தது: சீலியாக்.

கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் இருக்கும் ஒரு புரதம் குளூட்டன். சீலியாக் உள்ளவர்கள் அதைச் சாப்பிட்டால், உடம்பின் நோய் எதிர்ப்பு சக்தி தன் சொந்தச் சிறுகுடலையே தாக்கும். சத்தை உறிஞ்சும் குடலுறிஞ்சிகள் தேய்ந்து மழுங்கிவிடும். அப்புறம் என்ன மாத்திரை போட்டாலும் உடம்பில் சேராது. இதைக் குணப்படுத்த மருந்து கிடையாது. ஆயுள் முழுக்க குளூட்டன் இல்லாத சாப்பாடு, அது ஒன்றுதான் வைத்தியம்.

இதற்கும் கோதுமைக்கும் உள்ள தொடர்பைக் கண்டறிந்தவர் வில்லெம் கரேல் டிக்கே என்ற டச்சுக் குழந்தை மருத்துவர். இரண்டாம் உலகப் போரின்போது, 1944-45 குளிர்காலத்தில், நெதர்லாந்தில் ரொட்டிக்கே பஞ்சம் வந்தது. ஊரே பட்டினி கிடந்தபோது இந்த நோய் உள்ள குழந்தைகள் மட்டும் தேறினார்கள். அதற்கு முன்பே அவருக்கு இருந்த சந்தேகம் அப்போதுதான் உறுதியானது.

“கோதுமையா? நாங்க சோறு சாப்பிடுறவங்க டாக்டர்” என்றார் டீச்சரம்மா. நம் ஊரில் இந்த நோய் வட மாநிலங்களைவிடக் குறைவுதான். அதனாலேயே யாருக்கும் சட்டென்று சந்தேகம் வருவதில்லை. “ராத்திரி என்ன சாப்பிடுவீங்கம்மா?” என்று கேட்டார் மருத்துவர். சாருக்குச் சர்க்கரை வந்த நாளிலிருந்து 12 வருடமாக வீட்டில் ராத்திரி சப்பாத்திதான். தனக்கென்று தனியாக ஒரு உலை வைப்பானேன் என்று டீச்சரம்மாவும் அதையே சாப்பிட்டு வந்தார்.

சப்பாத்தி நின்றது. பரோட்டா, பூரி, பிஸ்கட் நின்றன. கோதுமையிலிருந்து வரும் ரவையும் சேமியாவும் போயின. பார்லி கலந்த மால்ட் பானமும் போனது. ஆறு மாதம் கழித்து எடுத்த பரிசோதனையில் எண் குறைந்திருந்தது. ஆனால், குறைய வேண்டிய அளவுக்குக் குறையவில்லை. உணவு ஆலோசகர் சமையலறை சாமான்களை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொன்னார். “பெருங்காயம் என்ன பிராண்டு?” என்று கேட்டு நிறுத்தினார். டப்பாவைத் திருப்பிப் படித்தபோதுதான் தெரிந்தது. சுத்தமான பெருங்காயம் காரமும் நெடியும் அதிகமான பிசின். அதனால் கடையில் விற்கும் தூளில் பெரும்பாலும் மாவு கலந்திருக்கும். பல டப்பாக்களில் அது கோதுமை மாவு. தினமும் சாம்பாரிலும் ரசத்திலும் மோரிலும் ஒரு சிட்டிகை போய்க்கொண்டே இருந்திருக்கிறது.

அரிசி மாவு கலந்த பெருங்காயம் வாங்கிய பிறகுதான் அவருக்கு ரத்தம் ஊற ஆரம்பித்தது.

வீட்டில் நிம்மதி, வெளியில் பயம்

வீட்டில் சரியாகிவிட்டது. வெளியில்தான் சரியாகவில்லை. கல்யாணத்துக்குப் போனால், பந்திக்கு முன்னாலேயே “வீட்ல வேலை இருக்கு” என்று கிளம்பிவிடுவார். நாத்தனார் வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் “ஒரு வாய் கேசரிகூட சாப்பிடக் கூடாதா?” என்று கேட்டபோது, “விரதம்” என்று பொய் சொன்னார். 40 வருடம் ஊருக்கே பரிமாறிய கை. தனக்கு இது வேண்டும், இது வேண்டாம் என்று நீட்டத்தான் தெரியவில்லை.

சிங்கப்பூரில் இருக்கும் மகள், அம்மா அப்பாவின் 40-வது திருமண நாளுக்காக நான்கு இரவு கப்பல் பயணம் ஏற்பாடு செய்தபோதும் அதே பதில்தான். “நீங்க மூணு பேரும் போய்ட்டு வாங்க. நான் வந்தா உங்களுக்கும் தொல்லை.”

மகள் விடவில்லை. டிக்கெட் எடுக்கும்போதே சிறப்பு உணவுக்கான படிவத்தில் ‘சீலியாக்’ என்று எழுதி அனுப்பினாள். பயணத்துக்குச் சில வாரங்கள் முன்பே சொன்னால்தான் கப்பல் சமையலறை அதற்கான சரக்கை ஏற்றும். நடுக்கடலில் போய்க் கடை தேட முடியாது. டீச்சரம்மா தன் பங்குக்குச் சின்ன ரைஸ் குக்கர் ஒன்றைப் பெட்டியில் வைத்திருந்தார். மாப்பிள்ளைதான் எடுத்து வெளியே வைத்தார். “அத்தை, கப்பல்ல இதுக்கு அனுமதி இல்லை. தீப்பிடிக்கும்னு ஸ்கேனிங்லயே வாங்கி வெச்சிடுவாங்க. இறங்கும்போதுதான் கிடைக்கும்.” வீட்டில் சமைத்ததைக் கட்டி எடுத்துப் போகவும் பல கப்பல்களில் விடுவதில்லை. சீல் பிரிக்காத பாக்கெட் தின்பண்டங்கள் பரவாயில்லை.

“நோயா மேடம், விருப்பமா?”

முதல் நாள் இரவு. கப்பலின் பெரிய உணவுக்கூடத்தில் அவர்களுக்கென்று ஒரு மேஜை. நான்கு இரவும் அதே மேஜை, அதே பணியாளர்கள். கோவாக்காரரான தலைமை வெயிட்டர் கையில் தாளோடு வந்தார். முதல் கேள்வியே, “குளூட்டன் வேண்டாம் என்பது நோயாலா மேடம், விருப்பத்தாலா?”

டீச்சரம்மா குனிந்துகொண்டார். பக்கத்து மேஜை திரும்பிப் பார்க்கிறதோ என்று கூச்சம். மகள்தான், “நோய். கொஞ்சம் பட்டாலும் ஆகாது” என்றாள்.

அந்தக் கேள்வி மரியாதைக் குறைவு இல்லை, அவசியமானது. எடை குறைக்கக் கோதுமையை ஒதுக்குபவருக்கு ரொட்டியை மட்டும் எடுத்துவிட்டால் போதும். சீலியாக் என்றால் தனி வாணலி, தனிக் கரண்டி, தனி எண்ணெய் வேண்டும். கெட்டியாக்க மைதா சேர்த்த சூப்பும் குழம்பும் ஆகாது. வழக்கமான சோயா சாஸில் கோதுமை உண்டு. வெறும் உருளைக்கிழங்கு வறுவல்கூட, ரொட்டித்தூள் தடவிய மீனைப் பொரித்த எண்ணெயில் பொரித்திருந்தால் விஷம்தான்.

அன்று வேகவைத்த மீன், சோறு, காய்கறி எல்லாம் தனித் தட்டில் வந்தன. மறுநாள் மெனுவையும் அப்போதே கொண்டுவந்து காட்டி, வேண்டியதைக் குறித்துக்கொண்டார் தலைமை வெயிட்டர். போகும்போது ஒன்று சொன்னார். “காலையிலும் இங்கேயே வாருங்கள் மேடம். மேலே பஃபேயில் ஒரே இடுக்கி நாலு பாத்திரத்துக்குள் போகும். அங்கே நான் பொறுப்புச் சொல்ல முடியாது.”

டீச்சரம்மா தலையாட்டினார். ஆனால், காலையில் சீக்கிரம் விழிப்பு வந்துவிட்டது. மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். ‘எனக்காக ஒருத்தர் தனியா சமைக்கணுமா? இட்லியில் அரிசியும் உளுந்தும். சாம்பாரில் பருப்பும் புளியும். அதில் என்ன இருந்துவிடப் போகிறது?’ பாத்திரத்துக்குப் பின்னால் சமையல்காரர் நின்றுகொண்டுதான் இருந்தார். கேட்டிருக்கலாம். பின்னால் வரிசையில் ஆறேழு பேர். கேட்கவில்லை.

வீட்டில் தேடித் தேடி ஒழித்த பெருங்காயம், நடுக்கடலில் நினைவுக்கு வரவே இல்லை.

மணிக்கூண்டு மட்டும்

பத்து மணிக்கு வயிறு இறுக ஆரம்பித்தது. பிற்பகல் கப்பல் பினாங்கில் நின்றபோது அவர் ஐந்தாவது முறையாகக் கழிப்பறைக்குப் போய்விட்டு வந்து சுருண்டு படுத்திருந்தார். கட்டாயப்படுத்தி மகளையும் மாப்பிள்ளையையும் ஊர் பார்க்க அனுப்பினார். சார் மட்டும் “நான் எங்கேயும் போகல” என்று உட்கார்ந்துவிட்டார். ஜார்ஜ் டவுனின் லிட்டில் இந்தியா, பினாங்கு மலை ரயில் எல்லாம் போயின. துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பழைய மணிக்கூண்டை ஜன்னல் வழியாகப் பார்த்தார். அவர் பார்த்த பினாங்கு அவ்வளவுதான்.

மகள் ஒரு மணி நேரத்திலேயே திரும்பி வந்துவிட்டாள். கோபம்.

“ஏம்மா, அந்தக் குக்குகிட்ட ஒரு வார்த்தை கேட்டா என்ன?”

“வரிசைல எல்லாரும் நிக்கிறாங்கடி. ஒருத்திக்காக எதுக்கு…”

“அந்த ஒருத்திக்காகத்தாம்மா இந்தக் கப்பல்லயே ஏறினோம்.”

டீச்சரம்மா பதில் சொல்லவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்த சார், ரொம்ப நேரம் கழித்து மெதுவாகச் சொன்னார். “பன்னெண்டு வருஷம் எனக்காக நீ சப்பாத்தி சாப்பிட்டே. எனக்கு ஒரு வார்த்தை கேக்கத் தோணலையே.”

பெருங்காய டப்பா

இரவு ஏழு மணிக்கு அவர் எழுந்தார். முகம் கழுவி, புடவை மாற்றி, “நானே பேசுறேன்” என்று உணவுக்கூடத்துக்கு நடந்தார். வாசலில் நின்ற தலைமை வெயிட்டரிடம், வகுப்பில் பாடம் எடுக்கும் அதே குரலில் ஆங்கிலத்தில் சொன்னார். “எனக்குச் சீலியாக் நோய். இன்று காலை பஃபேயில் சாம்பார் சாப்பிட்டேன். தப்பு என்னுடையது. ஆனால், அதில் என்ன பெருங்காயம் போடுகிறீர்கள் என்று எனக்குத் தெரிய வேண்டும்.”

பக்கத்து மேஜை திரும்பிப் பார்த்தது. பார்த்துவிட்டு மறுபடி தன் சூப்பைக் குடிக்கப் போய்விட்டது. அவ்வளவுதான் நடந்தது.

கொஞ்ச நேரத்தில் இந்திய உணவுப் பிரிவின் சமையல்காரர் டப்பாவோடு வந்தார். உத்தராகண்ட் மலைப் பகுதிக்காரர். இருவரும் சேர்ந்து பொடி எழுத்தைப் படித்தார்கள். ‘கோதுமை மாவு’ என்று இருந்தது. அவருக்கே அதிர்ச்சி. சப்பாத்தி, நான், பூரியைத்தான் அவர் ஒதுக்கிவைத்திருந்தார். வடையும் பூரியும் ஒரே எண்ணெய் என்பதையும் அவரே சொன்னார். “நாளைக்கு என்ன வேண்டும் மேடம்?” என்று கேட்டார்.

“மிளகு, சீரகம், பூண்டு தட்டிப் போட்டு ரசம். பெருங்காயம் வேண்டாம். தனிப் பாத்திரம்” என்றார் டீச்சரம்மா. வாழ்க்கையில் முதல் முறையாக அவர் கொடுத்த ஆர்டர்.

மறுநாள் ரசம் வந்தது. தக்காளி சூப்பில் மிளகு போட்ட மாதிரி இருந்தது. டீச்சரம்மா இரண்டு கிண்ணம் குடித்தார்.

அன்று பகலில் ஃபுக்கெட்டில் சின்னப் படகில் கரைக்குப் போனார்கள். பாதோங் கடற்கரைப் பக்கம் ஒரு கடையில் மாம்பழமும் தேங்காய்ப்பாலும் ஊற்றிய பசையரிசிச் சோறு. பலகையில் ‘குளூட்டினஸ் ரைஸ்’ என்று பார்த்ததும் டீச்சரம்மா பின்வாங்கினார். மகள் சிரித்துவிட்டாள். பசைபோல ஒட்டும் அரிசி என்பதால் வந்த பெயர் அது. அதில் குளூட்டன் கிடையாது. இருந்தாலும் டீச்சரம்மா கடைக்கார அம்மாவிடம் கையைக் காட்டி, ஒவ்வொரு சாமானாகக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் ஸ்பூனைத் தொட்டார். பின்னால் நான்கு பேர் காத்திருந்தார்கள். காத்திருக்கட்டும்.

பந்தியில் ஓர் இடம்

திருச்சி திரும்பி மூன்று வாரத்தில் தம்பி மகள் கல்யாணம். முகூர்த்தத்துக்கு முதல் நாள் சாயங்காலமே டீச்சரம்மா மண்டபத்தின் பின்பக்கம் போனார். அடுப்புப் புகைக்கு நடுவில் நின்ற சமையல் மாஸ்டரிடம், “தம்பி, என்ன பெருங்காயம் போடுறீங்க?” என்று கேட்டார். நோயைப் பற்றி இரண்டே நிமிடத்தில் விளக்கினார்.

“இதுக்கென்னம்மா, முன்னாடியே சொன்னது நல்லதாப் போச்சு” என்றார் மாஸ்டர். பெருங்காயம் சேர்ப்பதற்கு முன்னால் வெந்த பருப்பு ஒரு கிண்ணம், தாளிக்காத கூட்டு ஒரு கிண்ணம், இரண்டையும் தனியாக எடுத்து மூடி வைப்பதாகச் சொன்னார். அப்பளம் வேண்டாம் என்று டீச்சரம்மாவே சொல்லிவிட்டார். அதிலும் பெருங்காயம் உண்டு. பாயசம் சேமியா இல்லை, ஜவ்வரிசி. அதிர்ஷ்டம்தான்.

மறுநாள் முதல் பந்தியில் சாருக்குப் பக்கத்தில் டீச்சரம்மா உட்கார்ந்தார். இலையில் தண்ணீர் தெளித்துத் துடைத்தார். சாம்பார் வாளியோடு வந்த பையன் கரண்டியைச் சாய்த்தபோது, இலைக்கு மேல் கையை நீட்டி மறித்தார்.

“எனக்கு வேண்டாம்ப்பா. உள்ள மாஸ்டர் தனியா பருப்பு எடுத்து வெச்சிருக்கார். அதைக் கொண்டா.”

எதிர் வரிசையிலிருந்து நாத்தனார் கேட்டார். “என்ன அண்ணி, இன்னிக்கு விரதம் இல்லையா?”

“இல்ல” என்றார் டீச்சரம்மா. “பசி.”