பத்து என்றால் ஏழு

மாரிக்குப்பத்தில் காலை ரயிலைப் பிடித்து பெங்களூருக்கு வேலைக்குப் போகும் கோலார் தங்கவயல்காரர்களில் அவரும் ஒருவர். ஒரு தனியார் கம்பெனியின் மெயில் சர்வரைப் பார்த்துக்கொள்வது வேலை. அப்பா, 2001 பிப்ரவரி 28இல் மூடப்பட்ட சுரங்கத்தில் கடைசி நாள்வரை இறங்கியவர். அவருக்கு மிஞ்சியது தூசி ஏறிய நுரையீரல்.

ராபர்ட்சன்பேட்டை லேப் ஒன்றில் அப்பாவின் மார்பு ஸ்கேன் படங்களை ஒரே ஃபைலாக்கினார்கள். மகனின் ஆபீஸ் முகவரிக்கு அனுப்பும் முன் லேப் பெண் போன் செய்தார். "எட்டு எம்.பி. இருக்கு சார், போகுமா?"

"பத்து வரைக்கும் போகும்மா."

போகவில்லை. திரும்பி வந்த அறிவிப்பு லேபின் மெயிலில் யாரும் பார்க்காமல் கிடந்தது. மகனோ, லேப் இன்னும் அனுப்பவில்லை என்றே நினைத்திருந்தார். டாக்டர் கொடுத்த தேதி தவறிப்போனது. அடுத்த தேதி மூன்று வாரம் கழித்து. அந்த மூன்று வாரமும் அப்பா உட்கார்ந்தபடிதான் தூங்கினார்.

சர்வரின் பதிவேட்டைப் பார்த்ததும் விஷயம் புரிந்தது. போஸ்ட்ஃபிக்ஸ் மென்பொருளில், யாரும் மாற்றாதவரை, ஒரு மெயிலின் உச்சவரம்பு 1,02,40,000 பைட். ஆனால் அட்டாச்மென்ட் அப்படியே பயணம் செய்வதில்லை. மெயில் எழுத்துகளைச் சுமக்கவே பிறந்தது. படத்தை பேஸ்64 முறையில் எழுத்துகளாக்கி அனுப்புவதுதான் வழக்கம். மூன்று பைட் நான்காகிவிடும். எட்டு எம்.பி. பதினொன்றை நெருங்கும். ஆக, பத்தில் நுழைவது ஏழு சொச்சம்தான். கையேட்டில் அந்த வரம்பை விளக்கும் இடத்தில் இந்த வீக்கத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. வரம்பை ரொம்பக் குறைத்தால் திரும்பி வரும் அறிவிப்புகூடத் தொலைந்துபோகும் என்ற எச்சரிக்கை இருக்கிறது.

சரி, கூட்டிவிடலாம் என்றால் இன்னொரு சிக்கல். பயனாளரின் பெட்டிக்கு 5,12,00,000 பைட் என்று தனி வரம்பு. மெயிலின் வரம்பு அதை மிஞ்சினால் உள்ளூர்ப் பட்டுவாடாவே நின்றுவிடும். இதெல்லாம் அவருக்குத் தெரியாததல்ல. எங்கும் எழுதி வைக்கவில்லை, அவ்வளவுதான்.

அப்பாவிடம் விவரத்தைச் சொன்னபோது அவர் மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டார்: "கேஜுல எத்தனை பேர் ஏறலாம்னு வாசல்லயே போர்டு இருக்கும். உங்க போர்டு எங்கடா?"

ஃபைலுக்குள் இருக்கிறது என்று சொல்ல மகனுக்கு வாய் வரவில்லை.

அன்றிரவே ஒரு பக்கம் எழுதினார். எந்த வரம்பு, எவ்வளவு, யார் எப்போது மாற்றியது, கூடவே எதை மாற்ற வேண்டும். முதல் வரி மட்டும் கம்ப்யூட்டர் தெரியாதவர்களுக்கு: அட்டாச்மென்ட் 7 எம்.பி.க்குள் இருக்கட்டும். அதன் தமிழ் நகல் லேபில், அந்தப் பெண்ணின் மேஜைக்கு மேலே ஒட்டப்பட்டிருக்கிறது.