அடியைத் தருவேன், மேளத்தைத் தரமாட்டேன்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்தில் 2010 வாக்கில் பிறந்த நடன இசைக்குப் பெயர் 'கொம்'. முதலெழுத்தை நாக்கை மேலண்ணத்தில் சொடுக்கிச் சொல்ல வேண்டும். எங்கள் பையன்களுக்கு அது வரவில்லை, எனக்கும்தான். சூலு மொழியில் அடி விழும் சத்தமே அதன் பெயர். நிறவெறி அரசு கறுப்பர்களை நகரத்துக்கு வெளியே தள்ளிக் கட்டிய குடியிருப்புகளை அங்கே டவுன்ஷிப் என்பார்கள். நாம் காலனி என்கிறோம்.

அந்தக் குடியிருப்புப் பையன்கள் பழைய கம்ப்யூட்டரில் எஃப்.எல். ஸ்டுடியோ என்ற மென்பொருளை வைத்துக்கொண்டு வீட்டு மூலையில் செய்த இசை இது. வழக்கமான டான்ஸ் பாட்டில் அடி நான்கும் சமமாக 'தும் தும்' என்று விழும். கொம்மில் விழாது. உடைந்து, தள்ளி, எதிர்பாராத இடத்தில் விழும். ராகம் குறைவு, அடியில் இருட்டாக ஒரு பேஸ். வானொலி கண்டுகொள்வதற்கு முன்பே ஷேர் டாக்சிக்காரர்கள் வண்டியில் போட்டு ஊரெல்லாம் பரப்பினார்கள். கிளேர்மான்ட் என்ற குடியிருப்பைச் சேர்ந்த டி.ஜே. லேக் 2019-இல் பியான்சேவின் ஆல்பத்தில் ஒரு பாட்டுக்கு இசை செய்யும் இடத்துக்குப் போனார்.

செஞ்சி - சேத்துப்பட்டு சாலையில் ஒரு காலனியில் நான் நடத்தும் மாலை வகுப்புக்கு வரும் தம்பி ஒருவன், "அக்கா, இதுல நம்ம பறையைப் போட்டா எப்படி இருக்கும்?" என்றான். அவன் வீட்டிலேயே பறை இருக்கிறது. பரண்மேல், சாக்கில் சுற்றி.

அது பரணுக்குப் போனதற்குக் காரணம் உண்டு. இருபது வருடத்துக்கு முன் ஊர்ச் சாவுக்கு மேளம் அடிப்பதில்லை என்று காலனி கூடி முடிவெடுத்தது. ஊர்க்காரர்கள் இரண்டு போகம் யாருக்கும் நடவு வேலை கொடுக்கவில்லை. தம்பியின் அப்பா அன்று சுற்றி வைத்ததுதான். பறையை விட்டொழிப்பதா, கலையாக எடுத்துக் கையில் பிடிப்பதா என்று நமக்குள் பல காலமாக நடக்கும் விவாதத்தை வாசகர்கள் அறிவீர்கள். 2018 சனவரியில் கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் மேடையேறியது, 2025-இல் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. இரண்டுக்கும் நான் கைதட்டினேன். ஆனால் வேலை இல்லாமல் இரண்டு போகம் கஞ்சி குடித்தவரிடம் போய் 'இது கலை' என்று வகுப்பெடுக்க எனக்கு வாய் வராது. என் சமூகவியல் பட்டம் அந்த இடத்தில் ஒரு பைசா பெறாது.

தம்பியே கேட்டான். அவர் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் என்னிடம், "அடியைத் தர்றேம்மா. மேளத்தைத் தரமாட்டேன்" என்றார். அதாவது ஒவ்வொரு அடியாகத் தனித்தனியே அடிப்பார். அவை சேர்ந்து சாவு மேளமாகும் வரிசையை மட்டும் அடிக்க மாட்டார். "பொணத்துக்கு முன்னாடி அடிச்ச அடி இனிமே இந்தக் கையில வராது."

அவருக்குத் தெரியாது, இந்த இசைக்கு வேண்டியதும் அதுதான். ஒற்றை ஒற்றை அடியாகப் பதிந்து, கட்டங்களில் வைத்து, புது வரிசை கட்டுவது. எந்த வரிசையில் அடிக்க வேண்டும், யார் வீட்டுக்கு, எத்தனை மணி நேரம் என்பதெல்லாம் சாதி எழுதி வைத்தது. சத்தத்தை அதிலிருந்து கழற்றிவிட முடியும் என்று நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை.

பதிவு நடந்த இரவு பனி அதிகம். தோல் தளர்ந்து சத்தம் இறங்கிக்கொண்டே போனது. வைக்கோல் கொளுத்தி மூன்று முறை காய்ச்சினோம். அடிக்குச்சியின் கனத்த அடி, சிம்புக்குச்சியின் கூர்மையான அடி, விளிம்பில், நடுவில் என்று நாற்பதுக்கும் மேல். எல்லாவற்றையும் ஒரே சுருதிக்கு இழுத்துவிடலாம் என்று தம்பி மவுஸை எடுத்தான். "காஞ்ச தோலு ஒரு பேச்சு, ஈரத்தோலு ஒரு பேச்சு. ரெண்டும் இருக்கட்டும்டா" என்றார் அப்பா.

கோப்புகளுக்குத் தம்பி 'டிரம் 1', 'டிரம் 2' என்று பெயர் வைத்திருந்தான். ஏன் என்றேன். "பறைன்னு போட்டா கேக்கறவன் வேற மாதிரி பாப்பான்க்கா." அவன் பயம் சரிதான். பாதி முடித்ததை டவுனில் ஒரு ரெக்கார்டிங் கடையில் போட்டுக் காட்டினோம். கடைக்காரர், "ஆப்பிரிக்கன் டிரம்ஸா? செம" என்றார். பறை என்றதும், "ஆமா, கொஞ்சம் சாவு வாசனை அடிக்குது" என்றார். சத்தம் மாறவில்லை, பெயர்தான் மாறியது.

செஞ்சிக்காரர்களுக்கு இது புதிதில்லை. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன் துர்க்கம் என்று மூன்று மலையைச் சொல்வார்கள். நான்காவதாக ஒரு குன்று உண்டு, சக்கிலி துர்க்கம். 2025 சூலையில் கோட்டை யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்ததைக் கொண்டாடியவர்களில் அந்தப் பெயரைச் சொன்ன ஒருவரையும் நான் கேட்கவில்லை.

தம்பியிடம் வேறொரு கதை சொன்னேன். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ட்ரூரோ என்ற கப்பல் டர்பனில் போய் நின்றது. கரும்புத் தோட்டக் கூலிகளாக 1911 வரை ஒன்றரை லட்சம் பேர் இந்தியாவிலிருந்து அப்படிப் போனார்கள். ஆர்க்காட்டுச் சீமைக்காரர்களும் அதில் நிறைய. கப்பல் பதிவேட்டில் பெயர், வயது, ஊரோடு சாதிக்கும் ஒரு கட்டம். நம் ஆட்கள் பெயருக்கு நேரே 'பறையா' என்று வெள்ளைக்காரன் எழுதி வைத்திருக்கிறான். கடல் தாண்டியும் கூடவே போன பெயர்.

"அப்ப நாமளே எழுதிடலாம்" என்று உட்கார்ந்து, நாற்பது கோப்பையும் 'பறை' என்று மாற்றினான். ஒரு மணி நேரம் பிடித்தது.

பாட்டு நாலரை நிமிடம் வந்திருக்கிறது. ஏப்ரல் 14 அன்று அம்பேத்கர் படத்துக்கு முன்னால் போட வேண்டும் என்று திட்டம். போன வாரம் அப்பா கைப்பேசியைக் காதில் வைத்துக் கடைசிவரை கேட்டார். கால் லேசாக ஆடியது. கேட்டு முடித்துவிட்டு, "சிம்புக்குச்சி சத்தம் எங்கடா போச்சு?" என்றார். பேஸ் அதை விழுங்கிவிட்டது. தம்பி மறுபடியும் லேப்டாப்பைத் திறந்திருக்கிறான்.