வெடித்த மேலிலை

உறையூரில் சுருட்டுத் தொழில் நடக்கும் வீடுகளில், உள்ளே நிரப்பும் இலைக்கு ஒரு மதிப்பும், அதைச் சேர்த்துப் பிடிக்கும் கட்டிலைக்கு ஒரு மதிப்பும், எல்லாவற்றுக்கும் மேலே சுற்றிவரும் மேலிலைக்குத் தனியானதொரு மரியாதையும் உண்டு. நரம்பு தடித்திராமல், ஓட்டையோ கறையோ இல்லாமல், இழுத்தால் சற்றே நீண்டு கொடுக்கும் இலை கிடைப்பது அருமை. கியூபாவின் பினார் தெல் ரியோ மாகாணத்திலும், சுமத்திராவின் டெலி சீமையிலும், 1900 முதல் துணிப்பந்தலின் நிழலிலே பயிர் செய்யத் தொடங்கிய கனெக்டிகட் பள்ளத்தாக்கிலும் குடியானவர்கள் இந்த ஓர் இலைக்காக அத்தனை பிரயாசைப்படுவது அதனாலேதான். அப்படிப்பட்ட இலையில் ஒரு கீறல் கண்டவுடன் சுருட்டையே கழித்துப் போடும் வழக்கம் எனக்கு ஒருநாளும் உவப்பாயிருந்ததில்லை. சுருட்டுவதைப் போலவே பழுது பார்ப்பதும் ஒரு வித்தை என்பதும், அதற்கென்று தனிப் பொறுமையும் தனிச் சாஸ்திரமும் உண்டு என்பதும் என் திடமான அபிப்பிராயம்.

மேலிலை கை தவறி விழுந்து கிழிவது சொற்பம். பெரும்பாலும் வறட்சியே அதற்குச் சத்துரு. பாடம் செய்த புகையிலை, காற்றிலுள்ள ஈரத்தை ஓயாமல் வாங்குவதும் விடுவதுமான ஸ்வபாவம் உடையது. சித்திரை வெயிலிலோ ஆடிக் காற்றிலோ மூடாமல் வைத்த சுருட்டில், வெளிக்காற்றுப் படும் மேலிலை முதலில் காய்ந்து சுருங்க, உள்ளிலை இன்னும் ஈரத்தோடு பருத்தே நிற்க, இரண்டுக்கும் நடுவே உண்டாகும் இழுபறியில் மெல்லியதாகிய மேலிலையே தோற்று வெடிக்கிறது. இதைக் கண்டு பதறி, காய்ந்த சுருட்டை ஈரத் துணியில் சுற்றி வைப்பவர்கள் நேரெதிரான கேட்டைச் செய்கிறார்கள். உள்ளிலை நீரைக் குடித்துத் திடீரென்று பருக்க, மேலிலை அந்த வேகத்துக்கு ஈடு கொடுக்க மாட்டாமல் முன்னிலும் நீளமாகக் கிழிந்து போகிறது.

ஆகையால் பசையையும் கத்தியையும் எடுப்பதற்கு வெகுநாள் முன்னரே சிகிச்சை ஆரம்பமாகிவிட வேண்டும். நன்றாக மூடும் மரப்பெட்டி ஒன்றில் சுருட்டுகளை இடைவெளி விட்டு அடுக்கி, நனைத்துப் பிழிந்த பஞ்சை ஒரு சிறு கிண்ணத்தில் இட்டு, அது சுருட்டைத் தொடாதபடி ஒரு மூலையில் வைத்து, அவ்வப்போது சுருட்டுகளைப் புரட்டிவிட்டு, உள்ளிருக்கும் காற்றின் ஈரப்பதம் மெல்ல மெல்ல ஏறி நூற்றுக்கு 65-க்கும் 70-க்கும் இடையில் நிலைபெறும் வரையில் காத்திருப்பதே உத்தமம். மிகவும் காய்ந்ததாயின் வாரக்கணக்கிலும் ஆகும். பதம் வந்ததா என்று அறியச் சுருட்டைக் காதருகே பிடித்து இரு விரலால் இலேசாக அழுத்திப் பார்க்கிறேன். சரசரவென்று ஓசை எழுந்தால் இன்னும் ஆகவில்லை, ஓசையின்றி அமுங்கி விரலை எடுத்ததும் பழையபடி எழுந்தால் ஆகிவிட்டது. யாழ்ப்பாணத்துச் சுருட்டுக் கொட்டில்களில் ஒருவர் பத்திரிகையை உரக்க வாசிக்க மற்றவர்கள் கேட்டுக்கொண்டே சுருட்டுவது வழக்கமாயிருந்தது. ஹவானாவின் தொழிற்சாலைகளிலும் 1865 முதல் அதற்கென்றே வாசிப்பவர்கள் இருந்துவந்தார்கள். சுருட்டுகிறவனுக்குக் கண்ணும் கையும் போதும். பழுது பார்க்கிறவனுக்குக் காதும் தேவைப்படுவதால், இந்த வேலைக்கு நான் எப்போதும் சந்தடியில்லாத மூலையையே தேடிக்கொள்வேன்.

பதம் வந்தபின் எல்லாப் பிளவுக்கும் ஒட்டுப் போட வேண்டியதில்லை. பற்ற வைக்காமலே சுருட்டை வாயில் வைத்து ஒருமுறை இழுத்துப் பார்க்க வேண்டும். பிறகு பிளவின்மேல் விரலை வைத்து மூடிக்கொண்டு மறுமுறை இழுக்க வேண்டும். இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாவிட்டால் கட்டிலை உள்ளே பழுதின்றி இருக்கிறதென்றும், பிளவு கண்ணுக்கு மட்டுமே குறை என்றும் நிச்சயித்து அப்படியே விட்டுவிடலாம். விரல் வைத்தவுடன் இழுப்பு இறுகி, புகையிலையின் ருசி நாவில் கூடுமானால், அந்த வழியே காற்று களவு போகிறது என்று பொருள், அதற்குத்தான் ஒட்டு. நெருப்பு வைக்கும் முனையில் கண்ட வெடிப்பாயின், அதற்குச் சற்று மேலே கூரிய கத்தியால் நேராக நறுக்கி எறிவதே சுலபமான உபாயம்.

ஒட்டுக்கான இலை, கூடியவரையில் பழுதான சுருட்டின் இனமாகவே இருக்க வேண்டும். கழிவு இலை கைவசம் இல்லாதவர்கள், ஒரே பெட்டியிலுள்ள சுருட்டுகளில் மிக மோசமாகக் கெட்டதொன்றைத் தியாகம் செய்து, அதன் மேலிலையை ஈரப்படுத்தி, வாய்ப்பக்கத்திலிருந்து பதனமாகப் பிரித்தெடுத்தால், அந்த ஓர் இலையே பல சுருட்டுகளுக்குப் போதும். நடுநரம்பின் இடப்பாதியும் வலப்பாதியும் எதிரெதிர்த் திசையில் சுற்றப்படுவன. நரம்புகளும் அந்தந்தத் திசையிலேயே சாய்ந்து ஓடும். ஆகவே துண்டைச் சுருட்டின்மேல் சும்மா வைத்துப் பார்த்து, அதன் நரம்பு அடியிலுள்ள இலையின் நரம்போடு இணையாக ஓடும்படி திருப்பிக்கொண்ட பின்னரே வெட்ட வேண்டும். மாறிப் போனால், துண்டு காயும்போது ஒரு திசையிலும் சுருட்டு வேறொரு திசையிலுமாகச் சுருங்கி, ஒட்டிய இடமே மறுபடி பிளந்துகொள்ளும். வழவழப்பான மேற்புறம் வெளியே தெரிய, நரம்பு புடைத்த அடிப்புறம் உள்ளே போக வேண்டும். சதுரமாக வெட்டினால் மூலைகள் முதலில் எழும்பும். எனவே மூலையே இல்லாமல், மாவிலை வடிவாக, பிளவின் இருபுறமும் ஒரு நெல்லகலம் கூடுதலாக வெட்டிக்கொள்வது என் வழக்கம். அதை நீராவி பட்டதுபோல் ஈரமாக்கி, பிளவின் இரு கரைகளையும் கட்டைவிரலால் ஒன்றோடொன்று நெருக்கிப் பிடித்துக்கொண்டு, சுற்றின் போக்கிலேயே மெல்ல இழுத்துப் படியவைத்து, பலகையில் ஒரே திசையில் உருட்டிவிட்டால், கையெடுக்கும்போதே ஓரங்கள் கண்ணுக்கு மறையத் தொடங்கும்.

பசையைப் பற்றிச் சொல்ல வேண்டியது ஒன்றே: குறைவாக இருக்கட்டும். டிராககாந்த் பிசினை நீரில் ஊறவைத்த கூழ் சுருட்டுத் தொழிலில் நெடுங்காலமாக வழங்குவது. அதற்கு மணமும் இல்லை, ருசியும் இல்லை. அது கிடைக்காவிட்டால் மைதாவை நீர்க்கக் காய்ச்சிய கஞ்சி ஆபத்துக்கு உதவும். எழுதுபொருள் கடையில் விற்கும் பசையை எக்காரணம் கொண்டும் தொடக் கூடாது, அது எரிந்து வரும் புகை வாய்க்குள் போவதாயிற்றே! விரல்நுனியால் துண்டின் ஓரங்களில் மட்டும் பூசினால் போதும். தடித்துப் பூசியது நெருப்பை அவ்விடத்தில் தாமதப்படுத்தி, ஒரு பக்கம் எரிந்து ஒரு பக்கம் நிற்கும்படி செய்யும், சாம்பலும் கோணலாக உதிரும். 1887-ல் வெளிவந்த ஷெர்லக் ஹோம்ஸின் முதல் கதையில், அந்தத் துப்பறிவாளர் சாம்பலைப் பார்த்தே அது திருச்சிராப்பள்ளிச் சுருட்டு என்று கண்டுகொள்வதாக ஆர்தர் கானன் டாயில் எழுதியிருக்கிறார். ஒட்டுப் போட்டவனின் லாகவமும் அலட்சியமும்கூட அந்தச் சாம்பலில்தான் முதலில் வெளிப்படும்.

புகைக்கும்போதே பிளவு கண்டுவிட்டால், காகித வளையம் உள்ள சுருட்டாயின் அவ்வளையத்தை நகர்த்திப் பிளவின்மேல் நிறுத்தி, நெருப்பு அதை நெருங்கும் முன் கழற்றிவிடலாம். வளையம் இல்லையென்றால் விரலை ஈரமாக்கி அழுத்திப் பிடித்து, இழுப்பதை நிதானப்படுத்த வேண்டும். வேக வேகமாக இழுப்பவனின் சூட்டில் எந்தப் பிளவும் நீளவே செய்யும்.

பூசணம் பிடித்ததையும், நுனிமுதல் அடிவரை வெடித்ததையும் நான் ஒட்டுவதில்லை. குண்டூசித் துளை போன்ற துளைகள் தெரிந்தால் அது புகையிலை வண்டின் வேலை. மேலே மூடினாலும் உள்ளே குடைந்த வழி அப்படியே இருக்குமாதலால், அதைப் பெட்டியிலிருந்து உடனே பிரித்து மற்றவற்றையும் ஒவ்வொன்றாகச் சோதிக்க வேண்டும். மற்றபடி, கீறல் விழுந்த சுருட்டு கையில் இருப்பவர்கள் இன்று ஒட்ட முனையாமல், முதலில் அதைப் பெட்டியில் இட்டுப் பதம் வரக் காத்திருக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். காய்ந்த இலையில் எந்தப் பசையும் நிற்காது.