அடுப்புக்கேற்ற சட்டி

புதிய அடுப்பு வாங்குவோர் அடுப்பைப் பற்றியே பலரிடமும் விசாரிக்கின்றனர். அதன்மேல் ஏறப்போகும் சட்டியைப் பற்றி எவரும் விசாரிப்பதில்லை. நானும் விசாரிக்கவில்லை. அந்தக் கவலையீனத்தின் பயனாக, என் தாயார் ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் அடுக்களைப் பக்கம் செல்லாதிருக்க நேர்ந்தது.

2018ஆம் ஆண்டில் எங்கள் இல்லத்துக்கு எரிவாயு அடுப்பு வந்தது. என் மனைவியும் ஆசிரியை. காலை ஏழரை மணிக்கு முன் இருவரும் பாடசாலையில் நிற்கவேண்டும். இந்த நிலையில் விறகை ஊதிக்கொண்டிருக்க நேரம் ஏது? அம்மாவும் மறுப்புக் கூறவில்லை. முதல் வாரத்திலேயே தம்முடைய பழைய கறிச்சட்டியை அந்த அடுப்பில் ஏற்றி, கத்தரிக்காய்க் குழம்பு வைக்கத் தொடங்கினார். அடுப்பின் திருகியை முழுதும் திறந்துவிட்டிருந்தார். சிறிது நேரத்தில் ‘படார்’ என்றோர் ஓசை. ஓடிச்சென்று பார்த்தால் சட்டி இரண்டாகப் பிளந்து கிடந்தது. வழிந்த குழம்பு நெருப்பை அணைத்துவிட்டது. வாயு மாத்திரம் சீறிக்கொண்டிருந்தது. என் மனைவி விரைந்து திருகியை மூடி, சிலிண்டரையும் அடைத்து, யன்னல்களைத் திறந்துவிட்டாள். யாருக்கும் காயமில்லை. எனினும் அச்சத்தில் நான் ஒரு சொல் சொல்லிவிட்டேன்: “அம்மா, இனிமேல் நீங்கள் இந்த அடுப்பைத் தொடவேண்டாம்.”

அம்மா பதில் சொல்லவில்லை. தம் சட்டிகளையெல்லாம் கழுவிக் கவிழ்த்துப் பரணில் ஏற்றினார். அதன்பின் அவர் அடுக்களைக்குள் அடியெடுத்து வைக்கவில்லை.

மண்சட்டிகளுக்குப் பதிலாக நான் வாங்கிவந்தவை மெல்லிய சில்வர் பாத்திரங்கள். அவற்றின் பளபளப்பே என்னை மயக்கிற்று. ஆனால் காய்ச்சிய பால் ஒவ்வொரு நாளும் அடிப்பிடித்தது. அந்தக் கருகலைக் கூர்ந்து பார்த்தால், அடுப்பின் நெருப்பு எப்படி வளையமாக எரிகிறதோ அப்படியே வளையமாக இருக்கும்! பௌதிகவியல் கற்பிக்கும் எனக்கு இதன் காரணம் தெரியாததன்று. சில்வர் என்று நாம் அழைக்கும் உருக்கைக் காட்டிலும் அலுமினியம் ஏறக்குறைய 15 மடங்கும், செம்பு ஏறக்குறைய 25 மடங்கும் நன்றாக வெப்பத்தைக் கடத்தும். மெல்லிய உருக்கில் நெருப்புப் பட்ட இடம் கொதிக்கும். பக்கத்து இடத்துக்கு அந்தச் சூடு எளிதிற் பரவாது. மண்ணோ உருக்கைவிடவும் மிகக் குறைவாகவே கடத்துவது. ஆதலால் சூடேறிய இடம் விரிய, ஏறாத இடம் விரியாதிருக்க, சட்டி வெடிக்கிறது. கரும்பலகையில் ஆண்டுதோறும் எழுதிய பாடத்தை நான் என் வீட்டு அடுக்களை வரையில் கொண்டுவரவில்லை.

2022ஆம் ஆண்டு வந்தது. நாடெங்கும் எரிவாயுவுக்குத் தட்டுப்பாடு. 12.5 கிலோ சிலிண்டர் ஒன்றின் விலை 4,000 ரூபாவைத் தாண்டியது. அந்த விலைக்கும் நாட்கணக்கில் வரிசையில் நிற்கவேண்டியிருந்தது. எங்கள் சிலிண்டர் தீர்ந்த அன்று, எவரும் கேளாமலே அம்மா பரணிலிருந்து சட்டிகளை இறக்குவித்தார். கோடிப்புறத்தில் மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டினார். அத்தனை வாரங்களும் எங்களுக்கு உணவளித்தவர் அவரே.

அப்பொழுதுதான் அவர் சமைப்பதை நான் முதன்முறையாகக் கவனித்துப் பார்த்தேன். தொடக்கத்தில் ஒரு சுள்ளி மாத்திரமே எரியும். சட்டி சூடேறிய பின்னரே கொள்ளி உள்ளே செல்லும். கறி கொதித்ததும் கொள்ளியை இழுத்துவிட்டுத் தணலில் வேகவிடுவார். ஏன் என்று கேட்டேன்.

“நெருப்பு சட்டியின்ரை அடியோடை நிக்கவேணும், தம்பி. கழுத்துக்கு வந்தால் அது சட்டிக்கில்லை, காத்துக்குத்தான்” என்றார்.

நான் பல்கலைக்கழகத்தில் மூன்றாண்டு கற்றதும் இதுவேயன்றி வேறென்ன?

எரிவாயு மீண்டும் கிடைத்தபோது நான் அம்மாவையே சந்தைக்கு அழைத்துச் சென்றேன். அவர் ஒவ்வொரு சட்டியையும் விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார்; மணிபோல் ஒலித்ததை எடுத்தார்; மந்தமாக ஒலித்ததை விலக்கினார். உருண்டை அடி அடுப்புக் கம்பியில் நிலைகொள்ளாது என்பதால், அடி தட்டையானதையே தெரிந்துகொண்டோம். புதுச்சட்டியை ஓரிரவு நீரில் ஊறவைத்து, கஞ்சி காய்ச்சிப் பழக்கினார். இப்போது அது அடுப்பின் சிறிய வாயில், தணிந்த நெருப்பிலேயே ஏறுகிறது. வெறுஞ்சட்டியை ஏற்றுவதில்லை, சூடான சட்டியில் குளிர்ந்த நீர் ஊற்றுவதுமில்லை.

ஏனைய பாத்திரங்களையும் அவரே வகைப்படுத்தினார். சோற்றுக்குத் தடித்த அலுமினியப் பானை. ஆனால் புளி அலுமினியத்தை அரிக்குமாதலால் இரசமும் குழம்பும் அதில் இல்லை. பொரியலுக்கு இரும்புத் தாச்சி. பாலுக்கு, அடியில் அலுமினியத் தகடு வைத்துத் தடிப்பாக்கிய சில்வர் பாத்திரம். அகன்ற பானை பெரிய வாய்க்கு, கேத்தில் சிறிய வாய்க்கு. எதுவாயினும் நெருப்பு அடியை விட்டு வெளியே நாக்கு நீட்டலாகாது. கொதித்ததும் நெருப்பைத் தணித்து மூடிவிட வேண்டும். நெருப்பு நீலமாக எரியாமல் மஞ்சளாக எரிந்து பாத்திரத்தில் கரிபடிந்தால், அடுப்பு வாயின் துளைகளைத் துப்புரவு செய்ய வேண்டும் என்பது மாத்திரம் என் பங்குக்கு நான் சேர்த்துக்கொண்டது. முன்னர் ஒன்றரை மாதத்துக்கு வந்த சிலிண்டர் இப்பொழுது இரண்டு மாதத்துக்குக் கிட்டவாக வருகிறது.

மாலையில் நான் வீடு திரும்பும்போது அடுக்களையில் மாமியும் மருமகளும் பேசிக்கொள்ளும் குரல் கேட்கிறது. அன்று நான் குறைத்திருக்கவேண்டியது நெருப்பை, விலக்கிவைத்ததோ அம்மாவை. வயது முதிர்ந்தவர்கள் உள்ள வீட்டுக்குப் புதிய அடுப்பு வாங்குகின்ற அன்பர்கள், அதற்கேற்ற சட்டியையும் அன்றே வாங்குங்கள். அதைத் தெரிந்தெடுக்க அவர்களையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.